கால் பாவாத பெர்பெத்து

பெர்பெத்தம்மாளோட காலு தரையை விட்டு நாலு விரக்கடை மேல ஏறி நிக்கிறது வெளியில தெரிஞ்சது சாயல்குடி தாண்டி ஒரு டீக்கடை வாசல்ல. அதை முதல்ல பார்த்தது டீ ஆத்திக்கிட்டிருந்த மனுசன், ஆனா அதுக்கு வயிறு எரிஞ்சது அவ ஓர்ப்படியா இன்னாசிக்கு. டீக்காரரு கிளாஸை நீட்டிக்கிட்டே, "எம்மா, ஒங்க காலு கீழ பாவலியே"ன்னாரு. "ஆமாண்ணே, காலையில இருந்து இப்படித்தான் இருக்கு"ன்னு பெர்பெத்து வாங்கிக்கிட்டா. "சீனி போதுமா?"ன்னு கேட்டாரு. "இன்னும் கொஞ்சம் போடுங்க"ன்னா. அவ்வளவுதான் பேச்சு. பின்னால நின்ன சனம் அவங்கவங்க டீக்குக் கையை நீட்டுச்சு.

நம்ம சிலுவைத்துறை ஊருக்காரங்க எப்பவும் அப்படித்தான். ஒரு தடவை வலையில மீனுக்குப் பதிலா முழு மர அலமாரி ஏறி வந்தப்பகூட, யாரோடது, சாவி எங்கன்னுதான் கேட்டுச்சுங்க. வருஷா வருஷம் வேளாங்கண்ணிக் கொடியேத்தத்துக்கு முந்தி, காவி கட்டி, கழுத்துல செபமாலை போட்டு, செருப்பைக் கழட்டி வீட்டு மூலையில போட்டுட்டு, வெறுங்காலோட நடந்தே கிளம்பிருவாங்க. முன்னால ஒரு தள்ளுவண்டி, அதுல பெரிய மாதா சுரூபம், சீரியல் லைட்டு, ஒலிபெருக்கி. அதைத் தள்ளுறவன் தொம்மை. அவன் ஒரு வருஷம் தள்ளிக்கிட்டே தூங்கிட்டான், தூங்கிக்கிட்டே தள்ளுனான், முழிச்சுப் பார்த்தா பின்னால வாறது வேற ஊரு சனம், வேற ஊருக் கொடி. அந்தச் சனமும் இவனை ஒரு வார்த்தை வையல, சோறு போட்டு, பாட்டுப் போடச் சொல்லி, ரெண்டு ஊரு தள்ளி நம்ம ஆளுங்ககிட்ட ஒப்படைச்சிட்டுப் போச்சு. அந்தக் கூட்டத்துல வந்த பொண்ணைத்தான் அவன் பின்னால கட்டுனான். அது வேற கதை, அதுவும் அவ்வளவு நல்லா இல்ல, விடுங்க.

வண்டியில போறது பெரிய மாதா. சின்ன மாதான்னு ஒண்ணு இருக்கு. முழங்கை உசரம், மரத்துல செஞ்சது, மூக்கு லேசாத் தேஞ்சது. அதை வண்டியில வைக்கமாட்டாங்க, சும்மாடு வச்சு ஆள் மாத்தி ஆள் தலையில சுமப்பாங்க. ஆனா கடைசிப் பாலத்துல இருந்து கோவில் வாசல் வரைக்கும் சுமக்கிற உரிமை இன்னாசி வீட்டுக்கு மட்டும்தான். ஏன்னா ஒரு புயலுக்கு ஊரே மேட்டுக்கு ஓடுனப்ப, இன்னாசி மாமியா மிக்கேலம்மாதான் கோவிலுக்குள்ள நீந்திப் போயி, சின்ன மாதாவைக் கல்யாண அண்டாவுக்குள்ள உக்கார வச்சு, தானும் அண்டாவோட காதைப் பிடிச்சுக்கிட்டு விடிய விடிய மிதந்தவ. மிக்கேலம்மா லேசுப்பட்ட பொம்பள இல்ல. மீன் பாடு இல்லைன்னா அந்தோணியார் படத்தைச் செவரைப் பாக்கத் திருப்பி வச்சிருவா, 'வலை நிறையட்டும், அப்புறம் மூஞ்சியைக் காட்டு'ன்னு. அவ போனப்புறம் உரிமை மூத்த மருமகளுக்கு வந்துச்சு. இன்னாசிக்கு நகை கிடையாது, நிறம் கிடையாது, குரல் கிடையாது, பாட்டுல சேர்ந்தா பக்கத்துல நிக்கிறவ நைசா நகந்து நிப்பா. இந்த உலகத்துல இது என்னுதுன்னு சொல்லிக்க அவளுக்கு இருந்தது அந்தக் கடைசித் தூரம் ஒண்ணுதான்.

மத்தவங்க மாதாகிட்ட பிள்ளை கேப்பாங்க, படகு கேப்பாங்க, மூட்டுவலி போகணும்னு கேப்பாங்க. இன்னாசி கேட்டது அப்படி எதுவும் இல்ல. நான் வந்திருக்கேன்னு ஒனக்குத் தெரிஞ்சாப் போதும். அம்புட்டுதான். மெழுகுதிரி ஒரு தடவை படபடன்னு அடிச்சாப் போதும், மாலையில இருந்து ஒரு பூ உதிந்தாப் போதும். வருஷா வருஷம் போனா, ஒரு இதழ்கூட உதிரல. சரி, கூட்டம் சாஸ்தி, அடுத்த வருஷம் பாப்பாங்கன்னு மனசைத் தேத்திக்கிட்டு பஸ்ஸேறி ஊருக்கு வந்துருவா.

இப்படி இருக்கையில, இந்தப் பொங்கலுக்குப் பின்ன கல்யாணமாயி வந்தவ, மேக்க தேரிக்காட்டுல பேச்சித்தாயாப் பொறந்து, கொழுந்தன் ராயப்பனைக் கட்டிக்கிறதுக்காக ஞானஸ்நானம் வாங்கி பெர்பெத்தம்மாளா ஆனவ, அருள்நிறை மந்திரத்தைப் பாதியில விட்டுட்டு இன்னும் பக்கத்துல இருக்கவ வாயைப் பாக்குறவ, முதல் நடையிலயே காத்துல நின்னா இன்னாசிக்கு எப்படி இருக்கும்? பச்சை மிளகாயைக் கடிச்சிட்டுத் தண்ணி கிடைக்காத மாதிரி இருந்துச்சு.

அன்னைக்கு மத்தியானம் புளியமரத்தடியில சோறு திங்கையில ஒரு வாக்குவாதம் வந்துச்சு. அதிசயத்தைப் பத்தி இல்ல, நேர்ச்சையைப் பத்தி. "நடந்து வாறேன்னுதான நேந்துக்கிட்டா? காலே படலன்னா அது என்ன நடை?"ன்னு இன்னாசி ஊறுகாயை நக்கிக்கிட்டே, யாரையும் பாக்காத மாதிரி சொன்னா. சனம் ரெண்டாப் பிரிஞ்சு பேசுச்சு. கூட வந்த உபதேசியாரு பர்னபாஸ், ஃபாதர் இல்லாதப்ப ஃபாதரு, ஃபாதர் இருக்கிறப்ப அவருக்கும் மேல, கையைக் கழுவிட்டு வந்து விசாரிச்சாரு.

"காலை மாத்தி மாத்தி எடுத்து வைக்கிறாளா?"

"வைக்கிறா."

"வேர்க்குதா?"

"வேர்க்குது."

"அப்ப நடைதான். ரோட்டுக்கும் காலுக்கும் நடுவுல இருக்கிறது அவளுக்கும் மாதாவுக்கும் உள்ள சமாச்சாரம்."

இருந்தாலும் மனசு கேக்காம ஊருல இருந்த ஃபாதருக்குப் போன் போட்டாரு. ஃபாதரு பூராத்தையும் கேட்டுட்டு, "சாப்பிடுறாங்கல்ல? சரி. அந்தம்மா முதுகுல மின்னுற பட்டை ஒட்டிவிடுங்க, இருட்டுனா லாரிக்காரனுக்குத் தெரியணும்"னுட்டு வச்சிட்டாரு. தொம்மை வண்டியில இருந்த பட்டையைப் பிச்சு அவ சேலையில ஒட்டிவிட்டான். அதோட ஊருக்கு அது முடிஞ்சுபோச்சு.

ஊருக்கு முடிஞ்சா ரோட்டுக்கு முடியுமா? ராமநாதபுரம் தாண்டுறதுக்குள்ள பஸ்ஸு பஸ்ஸா நின்னுச்சு. சனம் இறங்கி வந்து, பெர்பெத்து காலுக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கிற சந்துல செபமாலையை விட்டு எடுத்துச்சு, கைக்குட்டையை விட்டு எடுத்துச்சு, ஒரு பய பரிட்சை ஹால் டிக்கெட்டை விட்டு எடுத்தான். தொண்டியில ஒரு பாய் வீட்டுல எல்லாருக்கும் நன்னாரி சர்பத் குடுத்தாங்க. அந்த வீட்டம்மா உள்ள போயி ஒரு கோரப்பாயை எடுத்துட்டு வந்து பெர்பெத்துக்கு அடியில விரிச்சு, "அந்தரத்துலயே நின்னா அசந்துபோயிருவம்மா, இது மேலயாச்சும் நில்லு"ன்னாங்க. பாய்க்கும் மேல நாலு விரக்கடையிலதான் அவ நின்னா. ஆனாலும் அந்தம்மா திருப்தியா, "இப்பப் பரவால்ல"ன்னாங்க. இன்னாசிக்குக் குடுத்த சர்பத்துல ஐஸு கரைஞ்சுபோயிருந்துச்சு. அவ அதையும் மனசுல வச்சுக்கிட்டா.

"காத்துல போறவளுக்குப் பாரம் ஏது?"ன்னு அரிசி மூட்டையைத் தூக்கி பெர்பெத்து தோள்ல மாட்டுனவ இன்னாசிதான். இறங்குவாள்ல, கொஞ்சமாச்சும் இறங்குவாள்லன்னு ஒரு கணக்கு. அவ இறங்கல. "குடுங்கக்கா"ன்னு சிரிச்சா. அதைப் பார்த்து மத்தவளுகளும் பையை மாட்டுனாளுக, சட்டியை மாட்டுனாளுக, தொம்மை மண்ணெண்ணெய் அடுப்பை மாட்டிட்டான். கொடியேத்த நாள்ல ஜோடிச்ச கப்பல் மாதிரி அவ போனா, ஒரு நூலளவு இறங்கல. பின்னால கையை வீசிக்கிட்டு நடந்த இன்னாசிக்குத்தான் மூச்சு வாங்குச்சு, அவளுக்குப் பாரம் வேற இடத்துல இருந்துச்சு.

சாயங்காலம் எங்கயாச்சும் ஒரு பள்ளிக்கூடத்து வராந்தாவுலயோ, மாதாவுக்குக் குகை மாதிரி கட்டுன சின்னக் கெபி முன்னாலயோ தங்குவாங்க. தங்குனதும் முத வேலை சோறு இல்ல, கொப்புளம். எல்லாரும் வரிசையா உக்காந்து, ஒருத்தி காலை அடுத்தவ மடியில வச்சு, ஊசியில நூலைக் கோத்து, கொப்புளத்துல இந்தப்பக்கம் விட்டு அந்தப்பக்கம் எடுத்து, நூலை உள்ளேயே விட்டுருவாங்க. தண்ணி நூல் வழியா வடிஞ்சிரும், தோலு உரியாது. அப்புறம் மஞ்சள் குழைச்ச தேங்கெண்ணெய். இந்தக் கொப்புள வேளையிலதான் ஊரு வம்பு பூராவும் நடக்கும், பகையெல்லாம் தீரும், கல்யாணப் பேச்சுகூட ஆரம்பிக்கும். பகையாளி காலை மடியில வச்சிக்கிட்டு எவ்வளவு நேரம் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க முடியும் சொல்லுங்க? நூல் கோக்குறதுல இன்னாசி கைகாரி, அவ ஊசி போறதும் தெரியாது, வாறதும் தெரியாது.

பெர்பெத்துக்குக் கொப்புளம் இல்ல. பொறந்த பிள்ளை பாதம் மாதிரி வழவழன்னு இருந்துச்சு. அவ தூணோரமா நாலு விரக்கடை மேல உக்காந்து பார்த்துக்கிட்டே இருப்பா, யாரும் அவ காலை இழுத்து மடியில வைக்கல.

மீமிசல்ல தங்குன அன்னைக்குத்தான் அவ மெல்ல நகந்து இன்னாசி பக்கத்துல வந்தா. "அக்கா, ஒண்ணு கேக்கவா? வையக்கூடாது."

"கேளு. வையறதைக் கேட்டப்புறம் பாப்போம்."

"எனக்கு ஒரு கொப்புளம் வாறதுக்கு நீங்க மாதாகிட்ட சொல்லுங்களேன். நீங்க சொன்னாக் கேப்பாங்க. எவ்வளவு வருஷமா வாறீங்க."

இன்னாசி ஊசியை நிறுத்திட்டா. "கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு? ஊரே ஒன் காலைக் கும்பிடுது."

"கும்பிடுறாங்கக்கா, பக்கத்துல உக்காரமாட்டேங்காங்க. எங்க வீட்டுல, கடக்கரையில கட்டிக்கிட்டுப் போனவ திரும்பி வாசப்படி மிதிக்காதன்னுட்டாங்க. இங்க வந்தா, மேக்காட்டுக்காரி கருவாட்டை எப்படிப் பிடிக்கா பாருன்னு சிரிக்காங்க. நடந்து போனா சேர்ந்துக்கிடலாம்னுதான் வந்தேன். இப்ப ரோடும் என்னை வேண்டாங்குது. ஒங்களைப் பார்த்தா எனக்கு அம்புட்டுப் பொறாமையா இருக்குக்கா. எல்லாரும் காலை ஒங்க மடியிலதான் கொண்டாந்து வைக்கிறாங்க."

கேட்டீங்களா இதை. இன்னாசி மேல பொறாமைப்பட இந்தப் பூமியில ஒருத்தி. கருப்பட்டிப் பாகு தொண்டையில இறங்குற மாதிரி இருந்துச்சு அவளுக்கு. பாவமாவும் இருந்துச்சுதான், இல்லைன்னு சொல்லல, ஆனா பாவத்தைவிட ருசி கொஞ்சம் கூட. அடுத்தவ காலை மடியில இழுத்து வச்சு, பெர்பெத்து நல்லாப் பாக்குற மாதிரி, ஒரு கொப்புளத்துக்கு நாலு கொப்புளத்து நேரம் எடுத்து மெதுவா நூலைக் கோத்தா. "மாதாகிட்ட சொல்லிப் பாக்கேன்"னா, ஏதோ பக்கத்து வீட்டுக்காரிகிட்ட சொல்லுற மாதிரி. சொல்லவும் இல்ல.

அந்த ருசி முத்துப்பேட்டை வரைக்குந்தான் நின்னுச்சு. அங்க வச்சு உபதேசியாரு எல்லாரையும் கூட்டி, "கடைசித் தூரம் சின்ன மாதாவை இந்த வருஷம் பெர்பெத்து சுமக்கட்டுமேன்னு சில பேரு சொல்லுதாங்க. மாதாவே அவளைத் தூக்கிக்கிட்டு வாறாங்க, நாம மாட்டேங்கலாமா?"ன்னாரு.

"மாதா அவளைத் தூக்கிக்கிட்டு வாறாங்க, அவ மாதாவைத் தூக்கிக்கிட்டுப் போவாளா? இதுல யாரு யாரைச் சுமக்கிறதுன்னு எனக்குப் புரியல"ன்னா இன்னாசி.

சனம் சிரிச்சுச்சு. உபதேசியாருக்கும் சிரிப்பு வந்துச்சு, ஆனா அடக்கிக்கிட்டு, "பாலத்துல வச்சு முடிவு பண்ணுவோம்"னுட்டாரு. "எனக்கு வேண்டாம், அக்காவே சுமக்கட்டும்"னு பெர்பெத்து சொன்னதுதான் இன்னாசிக்கு இன்னும் எரிச்சல். அவ விட்டுக்குடுத்து இவ வாங்குறதா? மிக்கேலம்மா அண்டாவைப் பிடிச்சுக்கிட்டு மிதந்து சம்பாரிச்ச உரிமையை, தேரிக்காட்டுக்காரி தானம் பண்ணி இவ கும்பிட்டு வாங்கிக்கணுமா?

நடைன்னா என்னன்னு காட்டுறேன்னு கிளம்பிட்டா. மத்தவங்க மத்தியானம் நிழல்ல படுத்தா இவ தார் ரோட்டுல தனியா நடந்தா. சாயங்காலம் கொப்புளத்துக்கு நூல் கோக்க வந்தவளுகளை, "எனக்கு வேண்டாம், எனக்கு அது அலங்காரம்"னு வெரட்டிவிட்டா. அடுத்தவளுக்கெல்லாம் நூல் கோத்தவ, தன் காலை யாரு மடியிலயும் வைக்கல. கொப்புளம் உடைஞ்சு, மண்ணு ஏறி, கணுக்கால் பனங்காய் மாதிரி வீங்குச்சு. அவ அதைச் சேலைக்குள்ள மறைச்சுக்கிட்டு, உயிரைக் குடுத்த வேதசாட்சி கணக்கா ரோசத்தோட நடந்தா. ஒவ்வொரு அடிக்கும், பாத்தியா, பாத்தியான்னு மாதாவைக் கேட்டா. மாதா பாத்தாங்களோ என்னமோ, முன்னால பெர்பெத்து சட்டி பானையோட ஆடாம அசையாமப் போய்க்கிட்டிருந்தா.

பாலம் வந்துச்சு. தூரத்துல கோவில் கோபுரம் வெள்ளை வெளேர்னு தெரிஞ்சதும் சனம் முழங்கால் போட்டுச்சு. இன்னாசியும் போட்டா. எந்திரிக்க முடியல. ஒரு கையை ஊனுனா, ரெண்டு கையை ஊனுனா, கைப்பிடிச் செவரைப் பிடிச்சு எந்திரிச்சு காலைக் கீழ வச்சா, வச்ச காலு அவ சொன்னதைக் கேக்கல.

சிலுவைத்துறை நடையில ஒரே ஒரு சட்டம்தான். வண்டியில ஏறுனா அந்த வருஷத்து நடை கணக்குல இல்ல. தொம்மை, மாதா பக்கத்துல இடம் ஒதுக்கி, "ஏறு மைனி, யாரும் பாக்கல"ன்னான், நூறு பேரு பாத்துக்கிட்டு இருக்கையில. இன்னாசி பாலத்துல உக்காந்து அழுதா. கோபுரம் கண்ணுக்கு முன்னால இருக்கு, அவளோட தூரம், அவளுக்குன்னு இருந்த ஒரே தூரம், கால்மாட்டுல கிடக்கு.

பெர்பெத்து அடுப்பை இறக்கி வச்சா, சட்டியை இறக்குனா, அரிசி மூட்டையை இறக்குனா. வந்து முதுகைக் காட்டிக் குனிஞ்சா. "ஏறுங்கக்கா, உப்பு மூட்டை."

"போடி அங்கிட்டு. ஒன் முதுகுல ஏறுறதுக்கு நான் இங்கனயே கிடந்து காஞ்சு கருவாடாப் போவேன்."

"கிடக்கலாம். நான் கருவாட்டை எப்படிப் பிடிப்பேன்னு ஒங்களுக்கே தெரியும்."

சனம் கொல்லுன்னு சிரிச்சுச்சு, இன்னாசிக்கே உதடு ஒரு பக்கம் போச்சு. எல்லாரும் உபதேசியாரைப் பாத்தாங்க. அவரு ரோட்டைப் பார்த்துட்டு, "மனுச முதுகு வண்டி இல்ல"ன்னாரு. தீர்ப்பு ஆகிப்போச்சு. ரெண்டு பேரு தூக்கிவிட, இன்னாசி பல்லைக் கடிச்சுக்கிட்டு பெர்பெத்து முதுகுல ஏறி, கழுத்தைச் சுத்திக் கையைப் போட்டா. இன்னாசி தலையில சும்மாடு வச்சு, சும்மாட்டு மேல சின்ன மாதாவை வச்சாங்க.

பெர்பெத்து இறங்கிட்டா.

மெதுவா எல்லாம் இல்ல, தொப்புன்னு. அரிசி மூட்டைக்கு இறங்காதவ, அடுப்புக்கு இறங்காதவ, ஊரு பாரம் பூராவுக்கும் நூலளவு இறங்காதவ, இன்னாசி ஏறுனதும் ரெண்டு காலும் தார்ல பதிய நின்னா. மத்தியான வெயில்ல தார் கொதிச்சுக்கிட்டிருந்துச்சு. "ஸ்ஸ்"னா. அடுத்த காலை வச்சா. "ஸ்ஸ்"னா. "சுடுதுக்கா"ன்னு அவ சொன்ன குரல் இருக்கே, பந்தியில முதல் எலையில உக்கார வச்சவ குரல் மாதிரி இருந்துச்சு.

"அரிசியைவிட நம்ம மைனிதான் கனம் போல"ன்னான் தொம்மை. அவளுக்குள்ள இருந்த கனம் என்னன்னு எல்லாருக்கும் தெரியும். அவன் வந்து பெர்பெத்து சேலையில இருந்த மின்னுற பட்டையைப் பிச்சு எடுத்து வண்டியிலயே திரும்ப ஒட்டிட்டான். இனி லாரிக்காரன் கண்ணுக்கு அவளும் எல்லாரையும் மாதிரிதான்.

அந்தத் தூரம் பூராவும் இன்னாசி முதுகுல இருந்தபடியே வழி சொன்னா, "இந்தப்பக்கம் மணல், இங்கன நட, அங்கன கண்ணாடி கிடக்கு"ன்னு. உள்ளுக்குள்ள வயிறு எரியாம இல்ல. கடைசியில இவ காலாலதான எனக்கு நடைன்னு எரிஞ்சுது. ஆனா பெர்பெத்து ஒவ்வொரு அடிக்கும் ஸ்ஸ்னு இழுக்கையில இவ பாதமும் கூடச் சேர்ந்து கூசுச்சு, எந்தச் சூடு யாரு கால்லன்னு பிரிச்சு எடுக்க முடியல. கோவில் வாசல்ல உபதேசியாரு சின்ன மாதாவை வாங்கிக்கிட்டாரு. "இறங்கிருதேன்"னா இன்னாசி. "இறங்குனா மிதிச்சிருவாங்கக்கா"ன்னு பெர்பெத்து அவளைச் சுமந்துக்கிட்டே கூட்டத்துக்குள்ள போயிட்டா.

இன்னாசி குட்டை. அவ வருஷா வருஷம் உள்ள பார்த்தது, முன்னால நிக்கிறவங்க முதுகு, மல்லிகைப்பூ வச்ச கொண்டை, மேல தூக்குன மெழுகுதிரி, ஒரு பட்டுச்சேலை ஓரம். மாதா முகத்தை அவ படத்துலதான் பார்த்திருக்கா. இந்தத் தடவை பெர்பெத்து முதுகுல, எல்லாத் தலைக்கும் மேல அவ தலை போயி நின்னுச்சு. எதிர்ல மாதா. முழுசா.

மாதா அவளைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. ரொம்ப நேரமாப் பார்த்துக்கிட்டு இருந்த மாதிரி, இப்பத்தான் நிமுந்து பாக்கத் தெரிஞ்சுதா ஒனக்குங்கிற மாதிரி.

கீழ இருந்து, கொண்டைகளுக்கும் முதுகுகளுக்கும் நடுவுல நசுங்கிக்கிட்டு, பெர்பெத்து கேட்டா: "அக்கா, எனக்கு ஒண்ணுமே தெரியல. மாதா எப்படி இருக்காங்க?"

சொன்னாக் குறைஞ்சுபோயிருமோன்னு இன்னாசிக்கு இருந்துச்சு. இதுக்காக எத்தனை வருஷம், எத்தனை கொப்புளம். கொஞ்ச நேரம் இது எனக்கு மட்டும் இருக்கட்டும்னு வாயை இறுக்கி மூடிக்கிட்டா.

"அக்கா, யாரைப் பாக்குறாங்க?"

"என்னைத்தான்."

"சரிக்கா"ன்னா பெர்பெத்து. அதுல வருத்தம் ஒண்ணும் இல்ல. முதுகை இன்னும் கொஞ்சம் நிமுத்தி, அக்காவுக்கு நல்லாத் தெரியட்டும்னு தூக்கிப் பிடிச்சா. சூடுபட்ட காலு ரெண்டும் வெடவெடன்னு நடுங்குறது இன்னாசி நெஞ்சு வரைக்கும் ஏறி வந்துச்சு.

இன்னாசி மறுபடியும் மாதாவைப் பார்த்தா. பார்த்துக்கிட்டே இருந்தா. அப்புறம் பெருமூச்சு விட்டு, குனிஞ்சு, பெர்பெத்து காதோரமா, எல்லாத்தையும் பறிகுடுக்கிறவ மாதிரி முணுமுணுத்தா:

"எனக்குக் கீழ யாரையோ தேடுறாங்கட்டி. எக்கு."

பெர்பெத்து எக்குனா. நாலு விரக்கடை அந்தரத்துல அலுங்காம வந்தவளுக்கு இப்ப ஒரு விரக்கடை ஏற உயிர் போச்சு. ரெண்டு பெருவிரலையும் தரையில அழுத்தி ஊனி, பக்கத்துல நின்ன கிழவி தோளைப் பிடிச்சுக்கிட்டு, அங்க நின்ன அத்தனை குட்டைப் பொம்பளைகளும் எக்குற மாதிரியே, கழுத்தை நீட்டி எக்குனா.

"இன்னும் கொஞ்சம்"னா இன்னாசி.